வீட்டிலேயே படிக்கும் ஆறரை வயதுப் பிள்ளைக்குக் கணக்கு: எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன்

என் அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று அவளும் மாமாவும் எடுத்த முடிவு சரியா தப்பா என்ற பேச்சுக்குள் நான் போகப் போவதில்லை, எங்கள் குடும்பத்தில் அதைப் பேசிப் பேசிச் சலித்தாகிவிட்டது. தமிழ் வாசிப்பு, கதை, செடி வளர்ப்பது எல்லாம் அவர்கள் பாட்டுக்கு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கணக்கில்தான் இடித்தது. நான் தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுத்தவள் என்பதால், "கையால செஞ்சு பார்த்துப் படிக்கிற மாதிரி நல்ல பாடத்திட்டம் ஒண்ணு சொல்லுடி" என்று கேட்டாள். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினாள்: அமெரிக்காவிலிருந்து பெட்டியாக வரும் இரண்டு திட்டங்கள், சிங்கப்பூர் பாணிப் புத்தகங்கள், மாண்டிசோரி சாமான்கள், வண்ணக் கட்டைகள், நம் அரசுப் புத்தகங்கள். எல்லாமே செயல்வழிக் கணக்கு என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன, எல்லாவற்றிலும் கையில் எடுக்க வண்ணமாக ஏதோ ஒன்று இருக்கிறது. ஆகவே அந்த ஒரு தகுதியை வைத்து எதையும் கழிக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

அதனால் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் பிள்ளையோடு உட்கார்ந்தேன்.

பிள்ளை எங்கே நிற்கிறாள்

புளியங்கொட்டை, ஒரு தாயக்கட்டை, ஒரு டம்ளர், பேப்பர், பென்சில். இவ்வளவுதான் சாமான். விளையாட்டு போலத்தான் நடந்தது, அவளுக்குத் தெரிந்து அது தேர்வு இல்லை.

நூறு வரை ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்கிறாள். ட்வென்டி நைனுக்கு அப்புறம் சில நேரம் "ட்வென்டி டென்" வருகிறது, பிறகு தானே சிரித்துத் திருத்திக்கொள்கிறாள். தமிழில் நாற்பதுக்கு மேல் தடுமாற்றம். பன்னிரண்டு பிஸ்கட்டை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக வைத்துச் சரியாகப் பிரித்துவிட்டாள். கொட்டைகளை நெருக்கி வைத்தாலும் பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பதும் தெரிகிறது. அதுவரை கவலை இல்லை.

அடுத்ததுதான் முக்கியம். எட்டுக் கொட்டைகளை அவளையே எண்ணவிட்டு, டம்ளரால் மூடினேன். வெளியே ஐந்து வைத்து, "மொத்தம் எத்தனை?" என்றேன். டம்ளரைத் தூக்கிவிட்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஒரு நிமிடத்துக்கு முன் அவளே எண்ணிய எட்டுதான், ஆனாலும் அதை எட்டு என்று வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று தொடர வரவில்லை. பிறகு 37 எழுதச் சொன்னேன், சரியாக எழுதினாள். 37 கொட்டைகளையும் எண்ணி வைத்தாள். எழுதியதில் இந்த 7 எவ்வளவு என்றால் ஏழு கொட்டை எடுத்தாள், சரி. இந்த 3 எவ்வளவு என்றால் மூன்று கொட்டை எடுத்தாள். மிச்சம் 27 கொட்டை பக்கத்தில் அநாதையாகக் கிடப்பது அவளை ஒன்றுமே செய்யவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் பார்த்தேன். பாட்டியோடு பல்லாங்குழி ஆடுகிறாள். குழியில் நான்கு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். அந்த நான்கை அவள் எண்ணுவதே இல்லை, பார்த்த மாத்திரத்தில் கை போய்விடுகிறது. ஆக, கூட்டமாகப் பார்க்கும் கண் இருக்கிறது, கணக்கு என்று உட்கார்ந்ததும் அந்தக் கண்ணை மூடிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குப் போய்விடுகிறாள்.

இந்த வயதில் இது நோயும் இல்லை, பின்தங்கலும் இல்லை. ஆனால் எந்தப் பாடத்திட்டம் வேண்டும் என்பதை இது பாதி முடிவு செய்துவிட்டது. எண்ணுவதற்கு இன்னும் நிறையப் பொருள் கொடுக்கும் திட்டம் அவளுக்கு வேண்டாம். எண்ணுவதைக் கொஞ்சம் கஷ்டமாக்கி, ஐந்தாகவும் பத்தாகவும் பார்க்க வைக்கிற திட்டம் வேண்டும்.

சொல்லிக்கொடுக்கப் போவது யார்

மீதிப் பாதியை முடிவு செய்தது அக்கா. வீட்டிலிருந்தே வேலை, காலையில் அரை மணி நேரம்தான் கணக்குக்கு. "எனக்கே கணக்குன்னா வயித்தைக் கலக்கும்" என்று வெளிப்படையாகச் சொல்லுவாள். பிள்ளையிடம் பேசுவது தமிழில். ஆசிரியர் கையேட்டை ஆங்கிலத்தில் படித்துக்கொள்வாள், ஆனால் அதில் உள்ள வசனத்தை அப்படியே வாசித்துப் பாடம் நடத்தும் முறை இந்த வீட்டில் ஒரு வாரம்கூட ஓடாது.

மாமாவுக்கு இருந்த கவலை வேறு. என்றாவது பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தால் பிள்ளை பின்தங்கி நிற்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளியை மனதில் வைத்தே எழுதப்பட்டது, வீட்டுக்கல்விக்கு அதில் தனி இடம் கிடையாது. பிற்பாடு தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், அதற்கு பதினான்கு வயது ஆக வேண்டும். அதுவரை கையில் ஓர் அளவுகோல் வேண்டாமா? 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: முதல் வகுப்பு முடிவில் 99 வரை வாசித்து எழுதி எளிய கூட்டல் கழித்தல், இரண்டாம் வகுப்பில் 999 வரை எண்களும் 99 வரை கழித்தலும், மூன்றாவதில் 9999 வரை எண்களும் எளிய பெருக்கலும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் எந்தப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாமா சமாதானமானார்.

ஒரே ஒரு கேள்வி

பட்டியலைத் திரும்ப எடுத்தபோது நான் ஒவ்வொன்றிடமும் கேட்ட கேள்வி, பொருளை எப்படிக் கையில் கொடுக்கிறாய் என்பது இல்லை. எப்போது, எந்த வழியில் கையிலிருந்து இறக்குகிறாய்? அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் மூன்று படிகளைச் சொன்னார்: செய்து அறிவது, படமாக அறிவது, குறியீடாக அறிவது. சிங்கப்பூர் 1980-களில் இதைப் பொருள், படம், எண் என்று தன் கணக்குப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வருவது நடுவில் உள்ள படத்தில். கட்டையை அடுக்குகிறார்கள், பிள்ளை மகிழ்ச்சியாக விடை சொல்கிறது, அடுத்த நாளே கட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பயிற்சித் தாளை நீட்டுகிறார்கள். பிள்ளை விரலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு கட்டையால் பிரயோஜனம் இல்லை என்று பேச்சு.

விட்டவை

பட்டியலில் இருந்த அமெரிக்கப் பெட்டிகளில் ஒன்றான மேத் யூ சீ நல்ல திட்டம்தான். ஒன்று முதல் பத்து வரை நிறம் மாறும் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒன்று ஒன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கும். பெற்றோருக்கு விளக்கும் வீடியோ உண்டு, கணக்குக்குப் பயப்படும் அக்கா மாதிரி ஆட்களுக்கு அது பெரிய ஆறுதல். ஒரு விஷயத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்தது. ஆல்ஃபா என்ற நிலை கிட்டத்தட்ட முழுவதும் ஓரிலக்கக் கூட்டல் கழித்தல்தான். இரண்டு காரணத்தால் விட்டோம். கட்டையில் கோடு இருந்தால் எங்கள் பிள்ளை அந்தக் கோட்டை எண்ணுவாள், அதைத்தான் நிறுத்தப் பார்க்கிறோம். இன்னொன்று, அளந்து பார்க்கவும் பிரித்துக் கொடுக்கவும் ஆசைப்படுகிற அவள் வருஷம் முழுக்கக் கூட்டல் கழித்தலில் நிற்க மாட்டாள்.

இன்னொரு அமெரிக்கப் பெட்டியான ரைட்ஸ்டார்ட்டிடம் எனக்குக் கொஞ்சம் மயக்கமே உண்டு. ஜோன் காட்டர் உருவாக்கியது. அதன் மணிச்சட்டத்தில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து மணி, ஐந்துக்கு ஐந்து நிறம் மாறும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நடக்கும் அபாகஸ் வகுப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. இது எண்ணாதே, பார் என்கிற திட்டம், அதாவது எங்கள் பிள்ளைக்கு வேண்டிய அதே மருந்து. ஆனால் ஒவ்வொரு பாடமும் பெரியவர் உட்கார்ந்து, கையேட்டைப் பார்த்து, பேசி நடத்த வேண்டியது. அக்காவுக்கு அந்த நேரமும் இல்லை, ஆங்கில வசனமும் ஒட்டாது. தொடக்கத்தில் 11-ஐ 'ஒரு பத்து ஒன்று' என்று சொல்லவைக்கும் பாடங்கள் வேறு வருகின்றன, ஆங்கிலப் பெயர்களில் பத்து காதில் விழாது என்பதால். தமிழில் பதினொன்று, இருபத்து மூன்று என்று எண்ணினாலே அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது (தொண்ணூற்றில் மட்டும் கொஞ்சம் சறுக்கும்). அன்றிலிருந்து வீட்டில் எண்ணுவது முதலில் தமிழில், அப்புறம்தான் ஆங்கிலத்தில் என்று மாற்றச் சொன்னேன். செலவே இல்லாமல் கிடைத்த பலன் அது.

இறக்குமதி பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. பாடக் கட்டைகளைச் சுங்கத்தில் எந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்காமல் பெட்டி ஆர்டர் செய்யாதீர்கள். தவிர, அமெரிக்கத் திட்டங்களில் அங்குலமும், குவார்ட்டர், டைம் என்கிற அந்த ஊர்க் காசுகளும் வரும், அந்தப் பக்கங்களை நீங்களேதான் சென்டிமீட்டருக்கும் ரூபாய்க்கும் மாற்ற வேண்டும்.

மாண்டிசோரிக்கு நம் பக்கம் வேர் ஆழம். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறில் வந்து இறங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். ஒன்று ஒரு மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம் என்று கையில் எடையாகவே தெரியும் தங்கமணிகளை மிஞ்ச இன்றுவரை எதுவும் வரவில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த முறையில் பாடத்தின் வரிசை பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் இருக்கிறது, சாமானில் இல்லை. பயிற்சி இல்லாமல் சாமானை மட்டும் வாங்கினால் அலமாரி அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அரசுப் புத்தகங்களை நான் ஒதுக்கவில்லை. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023-ல் முதல் இரண்டு வகுப்புக்குக் கொண்டுவந்த புதிய கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவது, தமிழிலேயே இருக்கிறது. இரண்டிலும் செயல்பாடுகள் குழுவாக உட்காரும் பிள்ளைகளுக்கானவை. ஒரு பிள்ளை, ஒரு அம்மா என்றால் நிறைய மாற்ற வேண்டியிருக்கும். கதைக்கணக்குக்கும் அளவைக்கும் வைத்துக்கொண்டோம்.

எடுத்தது

முதுகெலும்புக்கு சிங்கப்பூர் பாணிப் பயிற்சிப் புத்தகம், முதல் நிலை. காரணம் இரண்டு: படம் என்கிற நடுப்படி அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது, எழுத்து குறைவு என்பதால் தமிழில் பேசி நடத்தலாம். கைக்கு, குசினேர் கட்டைகள். பெல்ஜியத்து ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கி 1950-களில் கல்வியாளர் காலெப் கட்டெக்னோ உலகமெல்லாம் கொண்டுபோனது. 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளம், பத்து நிறம், மேலே ஒரு கோடுகூடக் கிடையாது. எண்ண வழியில்லை, நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். அதோடு, பத்துக்குப் பத்து நிறம் மாறும் நூறு மணி மாலை ஒன்று, வீட்டிலேயே கோத்தது. டெல்லியின் ஜோடோ ஞான் அமைப்பு கணிதமாலை என்று பரப்பியது இதைத்தான்.

கட்டைகளை முதலில் பக்கத்துத் தச்சரிடம் செய்யக் கொடுத்தார் மாமா. அருமையான தேக்கு, இழைப்பும் பிரமாதம். ஆனால் ஒரு நூல் அங்கே இங்கே. மேசை நாற்காலிக்கு ஒரு நூல் பெரிதில்லை, இங்கே ஒன்றுக்கான வெள்ளைக் கட்டை பத்தை வரிசையாக வைத்தால் பத்துக்கான ஆரஞ்சைத் தாண்டி நீண்டது. பத்து ஒன்றுகள் ஒரு பத்துக்குச் சமம் இல்லை என்று பிள்ளை கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அவற்றை வீடு கட்டி விளையாடக் கொடுத்துவிட்டு, அளவாக வெட்டிய செட் ஒன்றை வாங்கினார்கள்.

நடந்தது

முதல் சில வாரம் எண்ணே இல்லை. கோபுரம், ரயில், படிக்கட்டு. அக்காவுக்கு இது பொறுக்கவில்லை, "இதுக்குப் போய் பாடத்திட்டமா" என்று போனில் கேட்டாள். ஆனால் அந்த விளையாட்டில்தான் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் கறுப்பு நீளம் வரும் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தாள். 5-ம் 2-ம் 7 என்று பின்னால் எழுதும்போது அது புதுச்செய்தியாக இல்லை. அடுத்து பத்துச் சுவர்: கீழே ஆரஞ்சு, மேலே அதே நீளத்துக்கு எத்தனை விதமாக அடுக்கலாம்? 9-ம் 1-ம், 8-ம் 2-ம். இந்தச் சுவரை அவசரப்படுத்தவே கூடாது, 8 கூட்டல் 5-ஐ எட்டு, இரண்டு, மூன்று என்று உடைப்பதற்கான அஸ்திவாரம் இதுதான்.

இறக்கும் வேலை பிறகு தொடங்கியது. கட்டையைப் பார்த்துச் செய்தது போய், முதுகுக்குப் பின்னால் கையால் தடவிச் சொல்வது. அப்புறம் துண்டால் மூடிவிட்டுச் சொல்வது. அப்புறம் புத்தகத்தில் உள்ளபடி மூன்று வட்டம் வரைந்து முழுதும் பகுதிகளுமாக எழுதுவது. கடைசியில் வெறும் எண். துண்டு போட்டு மூடும் கட்டத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது, "சித்தி, எனக்குக் கட்டை வேணும்" என்று அழாத குறை. மறுக்க வேண்டாம், வரிசையை மட்டும் மாற்று என்று அக்காவிடம் சொன்னேன்: விடையை முதலில் சொல்ல வேண்டும், சரிபார்க்கக் கட்டை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன மாற்றம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் வேலை செய்தது. சரிபார்ப்பது சலித்துப்போய் அவளே டப்பாவைத் திறப்பதை விட்டாள்.

இடமதிப்பில் கட்டை கைவிட்டது. 37-ஐ மூன்று ஆரஞ்சு, ஒரு கறுப்பு என்று உடனே வைக்கிறாள், பார்க்கத் திருப்திதான். ஆனால் புத்தகத்தில் 42 கழித்தல் 17 வந்ததும் 35 என்று எழுதினாள், ஒன்றாம் இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டு. பள்ளியில் நான் அலுக்க அலுக்கப் பார்த்த பிழை. ஆரஞ்சுக் கட்டையை உடைக்க முடியாது என்பதே காரணம், அது பத்து என்று சொன்னால் நம்புகிறாளே ஒழிய, அதற்குள்ளிருந்து ஒன்றை எடுக்க முடியும் என்று கைக்குத் தெரியவில்லை. அதனால் ஐஸ் குச்சி. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு, அவளே எண்ணி, அவளே கட்ட வேண்டும். கழிக்கக் குச்சி போதவில்லை என்றால் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு நான்கு கட்டு மூன்றாகிவிட்டது என்பது கண்ணெதிரே இருக்கும்போது 35 வராது. எந்தத் திட்டத்தை வாங்கினாலும் இந்த இடத்துக்குக் கட்டிப் பிரிக்கும் பொருள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும்கூட உதவும், ஆனால் எல்லாக் கடையிலும் ஸ்கேன் செய்து பழகிவிட்ட வீட்டில் பிள்ளை சில்லறையையே பார்ப்பதில்லை. அக்கா இதற்காகவே வாரம் ஒருநாள் காய்கறிக்குக் காசாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

சரிவராததும் உண்டு. மாமா ஆசையாக வாங்கிய, எண்ணிப் பழகுவதற்கான கரடிப் பொம்மைகள் இரண்டே நாளில் அப்பா கரடி, அம்மா கரடி, பள்ளிக்குப் போகாத கரடி என்று குடும்பமாகிவிட்டன, அவற்றை வைத்து ஒரு கூட்டலும் நடக்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் ஒரே மாதிரிப் பக்கங்கள் அதிகம், பாதியைத் தாண்டிப்போகச் சொல்லிவிட்டேன். கடிகாரம் இன்னும் தொடவில்லை. 13 கழித்தல் 8 போன்றவற்றுக்கு விரல் இப்போதும் வெளியே வருகிறது, மேசைக்கு அடியில். ஆங்கிலக் கதைக்கணக்கை அக்கா தமிழில் வாசித்தால் போட்டுவிடுகிறாள், தானே வாசித்தால் தடுமாறுகிறாள், அது கணக்குப் பிரச்சினை இல்லை.

ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு கழித்து டம்ளர் விளையாட்டைத் திரும்ப வைத்தேன். டம்ளரைத் தொடவில்லை. "எட்டு, ரெண்டு குடுத்தா பத்து, பதிமூணு" என்றாள். நிபுண் இலக்கில் முதல் வகுப்பைத் தாண்டிவிட்டாள், மூன்றிலக்க எண் இப்போதுதான் ஆரம்பம்.

இதே தேர்வு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு வயதுப் பிள்ளை, பக்கத்தில் மாண்டிசோரி பயிற்சி பெற்ற ஒருவர் என்றால் நான் அந்தப் பக்கம்தான் போவேன். தினமும் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற, ஆங்கிலத்திலேயே பாடம் நடத்துகிற பெற்றோர் என்றால் அந்த மணிச்சட்டத் திட்டம். எண்ணுவதிலேயே இன்னும் தடுமாறும் பிள்ளைக்குக் கோடில்லாத கட்டையைக் கொடுக்கவே வேண்டாம், கோடு போட்டதுதான் அதற்குச் சரி.

கூட்டல் கழித்தல் பிடிபட்டுவிட்டதால் கட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அக்கா போன வாரம் கேட்டாள். வேண்டாம் என்றேன். நான்கு மஞ்சளை ஒட்டி அடுக்கினால் நான்கு ஐந்துகள் இருபது என்பது செவ்வகமாகத் தெரியும், அதைத் திருப்பி வைத்தால் ஐந்து நான்குகள். அதற்கு அடுத்த வருஷம் பின்னம் வரும்போது ஆரஞ்சை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மஞ்சள் பாதி, சிவப்பு ஐந்தில் ஒன்று. டப்பாவைப் பரணில் போட்டு வைக்கட்டும்.